ஆறு படம் தாமதம்

ஆலந்துருத்தி,
செப்டம்பர் 22, திங்கள்

பிரஜிஷாவுக்கு,

போனில் என் எண்ணை முடக்கி வைத்திருக்கிறாய். வாட்ஸ்அப்பிலும் அப்படியே. மின்னஞ்சலை மட்டும் மறந்துவிட்டாய் போலிருக்கிறது. பதினோரு மாதம் கழித்து எழுதுவது உன் சுகத்தை விசாரிப்பதற்காக இல்லை. சுகமாகத்தான் இருப்பாய். புனேயில் உன்னை யார் என்ன சொல்லிவிடப் போகிறார்கள்?

விஷயம் இதுதான். அக்டோபர் ஐந்தாம் தேதி ஆற்றில் வள்ளப் போட்டி. வள்ளத்தில் பதினைந்து இருக்கை. இந்த வருஷம் துடுப்பு பிடிக்க வந்திருப்பவர்கள் என்னையும் சேர்த்துப் பதினெட்டுப் பெண்கள். மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை சாயங்காலம், கேப்டன் என்கிற முறையில் நான் பதினைந்து பெயரைப் படிக்க வேண்டும். நீ எழுதிய கம்ப்யூட்டர் நிரல் ஓடினால் பிரச்சினை இல்லை. வீடியோவைப் பார்த்து, யாருடைய துடுப்பு எத்தனை படம் (ஃப்ரேம்) பிந்தித் தண்ணீரில் விழுகிறது என்று அது சொல்லிவிடும். அதோடு யாரும் வாய் திறக்கமாட்டார்கள். நான் கண்ணால் பார்த்துச் சொன்னால், "உன் அத்தை மகள மட்டும் வெச்சுக்கிட்டியே" என்பார்கள். மேற்குக்கரைக்காரிகள் ஏற்கெனவே நம் பெண்களை ஆள்விட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். மூன்று பேர் கோபித்துக்கொண்டு போனால் அவர்கள் பின்னால் இன்னும் ஆறு பேர் போவார்கள். அப்புறம் குழு ஏது?

அந்த நிரல் ஓடவில்லை. முதல் வரியிலேயே 'இம்போர்ட் எரர்' என்று நின்றுவிடுகிறது. நான் எதையும் தொடவில்லை. தானாகவே நின்றுவிட்டது.

பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. (எழுது.)

ஷிம்னா


புனே,
செப்டம்பர் 23

ஷிம்னா டீச்சர் அவர்களுக்கு,

தானாக எதுவும் நிற்காது. பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவர் இப்படி எழுதலாமா?

1. எரரின் கடைசி வரியை மட்டும் சொல்ல வேண்டாம். முழுவதையும் அனுப்பவும்.
2. எதைத் தொட்டீர்கள் என்று சொல்லவும்.
3. இரண்டாவதை மறுபடி படிக்கவும்.

அந்த நிரல் இப்போது என்னிடம் இல்லை. போன அக்டோபரிலேயே அழித்துவிட்டேன். காரணம் தங்களுக்குத் தெரியும்.

பிரஜிஷா


ஆலந்துருத்தி,
செப்டம்பர் 24

பிரஜிஷா,

'தங்களுக்கு' என்று எழுதியிருக்கிறாய். ஏழாம் வகுப்பில் என் டிபனிலிருந்து மீன் வறுவலைத் திருடித் தின்றவள் நீ. சரி, இருக்கட்டும்.

முழு எரரையும் கீழே ஒட்டியிருக்கிறேன். நாற்பத்தோரு வரி.

தொட்டது: ஒன்றே ஒன்று. வரைபடம் போடுகிற ஒரு பேக்கேஜ். எண்களாகக் காட்டினால் நம் பாட்டுக்காரி யசோதா சேச்சிக்குப் புரிவதில்லை. கலர் கலராகக் கோடு வந்தால் எல்லாரும் பார்ப்பார்களே என்று போட்டேன். கோடு அழகாகத்தான் வந்தது. மறுநாள் நிரல் திறக்கவில்லை. உடனே இணையத்தில் ஒருவர் சொன்னபடி எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மறுபடி போட்டேன். இன்னொருவர் சொன்னபடி மறுபடி நீக்கினேன். மூன்றாவது ஒருவர் சொன்னதையும் செய்தேன். அவர் சொன்னது என்ன என்று இப்போது நினைவில்லை.

அப்படியானால் தொட்டது ஒன்று இல்லை. உண்மையைச் சொல்வதானால், தொடாதது எது என்றுதான் நீ கேட்டிருக்க வேண்டும்.

இன்று காலை ஆற்றில் பயிற்சி முடிந்ததும் யசோதா சேச்சி படகுப்புரைக்குள் எட்டிப் பார்த்தாள். "என்னடீ, பெட்டி இன்னும் முழிக்கலையா? நகரு, நான் ஒரு தட்டு தட்டறேன். எங்க வீட்டு டிவி அப்படித்தான் வேல செய்யுது." மேசைக்குக் குறுக்கே கை நீட்டித் தடுத்தேன்.

ஷிம்னா


புனே,
செப்டம்பர் 25

ஷிம்னா,

நாற்பத்தோரு வரியையும் படித்தேன். பக்கத்து மேசைக்காரர் நான் சிரிப்பதைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். எங்கள் ஊரில் ஒருத்தி மூன்று பேரை ஒரே அறையில் போட்டுப் பூட்டிவிட்டாள் என்றேன்.

நாம் பெயர் வைத்த மூன்று பேக்கேஜ்களும் நினைவிருக்கிறதா? கணக்கன் எண்களைப் பார்க்கிறவன். கண்ணன் வீடியோவைத் தனித்தனிப் படமாகப் பிரிக்கிறவன். எலும்பன் ஒவ்வொரு படத்திலும் ஆட்களின் கையும் தோளும் எங்கே இருக்கின்றன என்று கோடு போடுகிறவன். கண்ணனும் எலும்பனும் கணக்கனை நம்பிப் பிழைக்கிறவர்கள். உன்னுடைய கலர்க்கோடு வந்ததே, அது புதிய கணக்கன்தான் வேண்டும் என்று கேட்டிருக்கிறது. கம்ப்யூட்டர் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பழைய கணக்கனைத் தூக்கிவிட்டுப் புதியவனை உட்கார வைத்துவிட்டது. கண்ணனுக்குப் பழைய கணக்கனைத்தான் தெரியும். புதியவனைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டான். அதைத்தான் 'இம்போர்ட் எரர்' என்று உன்னிடம் சொல்கிறது. இதற்குப் பிறகு நீ மூன்று முறை எல்லாரையும் வெளியே தள்ளி உள்ளே இழுத்திருக்கிறாய். இப்போது எலும்பனும் புதுசாகிவிட்டான். அவனுக்குப் பழைய கணக்கன் ஆகாது. ஆக, ஒருவன் பழையவன் வேண்டும் என்கிறான், இன்னொருவன் புதியவன் வேண்டும் என்கிறான். இரண்டு பேரையும் ஒரே வீட்டில் வைத்துக் குடும்பம் நடத்த முடியாது.

செய்ய வேண்டியது: நம் நிரலுக்கென்று தனியாக ஓர் அறை திற. கட்டளை கீழே இருக்கிறது. அந்த அறைக்குள் மூன்று பேரையும் பழைய வெர்ஷன் எண்ணைச் சொல்லிக் கூப்பிடு. கலர்க்கோடு வெளியே நிற்கட்டும். எண்களெல்லாம் நிரலோடு இருக்கும் பட்டியலில் கிடைக்கும். அதைப் பார்த்துப் போட்டால் பத்து நிமிஷ வேலை.

யசோதா சேச்சியைக் கேட்டதாகச் சொல். தட்ட மட்டும் விடாதே.

பிர.


ஆலந்துருத்தி,
செப்டம்பர் 28, ஞாயிறு

அடியே பிரஜிஷா,

அறை திறந்தேன். பட்டியலையும் திறந்தேன். அதில் உள்ளது மொத்தமும் இவ்வளவுதான்: கணக்கன், கண்ணன், எலும்பன். எண் ஒன்றுகூட இல்லை. கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பெயரைப் போட்டுவிட்டுத் தேதியை விட்டது மாதிரி. பட்டியலை எழுதிய பெண் யார் என்று கேட்கமாட்டேன். மேலேயே 'எழுதியவர்: பிரஜிஷா' என்று போட்டிருக்கிறது.

அதனால் ஊகித்து ஊகித்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதுவரை பதினொரு சேர்மானம். ஒவ்வொன்றையும் இறக்குவதற்கே இங்கே அரை மணி ஆகிறது. மழை வந்தால் ஒரு மணி. கண்ணன் சரியானால் எலும்பன் முறைக்கிறான். எலும்பனைச் சமாதானம் செய்தால் கணக்கனையே காணோம் என்கிறது. எட்டாவது சேர்மானத்தில் ஒரு நிமிஷம் எல்லாரும் ஒத்துப்போன மாதிரி தெரிந்தது. நான் எழுந்து ஆடிவிட்டேன். உட்காருவதற்குள் எரர்.

பெண்கள் ஆளுக்கு ஆள் பேச ஆரம்பித்துவிட்டார்கள். "பொட்டி கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டு இவளே ஆள் பொறுக்கப் போறா பாரு" என்று துடுப்பு கழுவுகிற இடத்தில் ஒருத்தி சொன்னதை என் காதாலேயே கேட்டேன். எனக்கு அழுகை வந்தது, பிரஜிஷா. நான் அழுதேன் என்று யாரிடமும் சொல்லாதே. உனக்குச் சொல்ல யார் இருக்கிறார்கள் அங்கே, பக்கத்து மேசைக்காரரைத் தவிர?

உனக்கு ஓர் எண்ணாவது நினைவிருக்கிறதா?

ஷிம்னா


புனே,
செப்டம்பர் 30, காலை

ஷிம்னா,

பட்டியல் என் தப்பு. ஒத்துக்கொள்கிறேன். அலுவலகத்தில் இதே தப்புக்காகப் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் நான் போடுகிற கூச்சல் இந்தக் கட்டடம் முழுக்கக் கேட்கும்.

எண் ஒன்றும் நினைவில்லை. ஆனால் நேற்று அலுவலகப் பேருந்தில் வரும்போது மண்டையில் உறைத்தது. என் பழைய மடிக்கணினி! மூடி கழன்றது, ரப்பர் பேண்ட் போட்டிருப்பேனே, அது. நிரலை முதலில் எழுதியது அதில்தான். அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தேன். ஒரு வருஷமாக யாரும் இணையத்தோடு இணைத்திருக்கமாட்டார்கள். அதற்குள் மூன்று பேரும் பழையபடியே உட்கார்ந்திருப்பார்கள். அதில் வீடியோவை ஓட்டிப் பார்க்க நினைக்காதே. ஒன்றை முடிக்க ஆறு மணி நேரம் எடுக்கும். கீழே உள்ள ஒரே ஒரு கட்டளையைப் போடு. யார் யார் எந்த எண்ணோடு இருக்கிறார்கள் என்று வரிசையாகச் சொல்லும். அதைப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடு.

அம்மாவிடம் நான் சொல்லியனுப்பியதாகச் சொல். வழிவிடுவாள்.

பிர.


ஆலந்துருத்தி,
செப்டம்பர் 30, பிற்பகல்

அடியே,

உன் அம்மா வழிவிடவில்லை.

இன்று என்ன நாள் என்று புனேயில் மறந்துவிட்டாயா? நேற்று சாயங்காலம் பூஜைக்கு வைத்தாகிவிட்டது. உன் மடிக்கணினி சரஸ்வதி படத்தின் முன்னால், ராமாயணத்துக்கும் உன் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்துக்கும் நடுவில், பட்டுத்துணி மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் பேண்டுக்குள் ஒரு செம்பருத்தி.

"சரஸ்வதிக்கு வெச்சத இடையில எடுக்கறதா? நீயெல்லாம் என்னடீ டீச்சர்?" என்றாள்.

"அம்மா, அது புஸ்தகம் இல்லம்மா. கம்ப்யூட்டர்."

"என் மக சோறு தின்னறது அதாலதானே? அப்ப அதுதான் புஸ்தகம். வியாழக்கிழம விஜயதசமி. காலைல குளிச்சிட்டு வா, நானே என் கையால எடுத்துத் தரேன். இப்ப அவல் தின்னுட்டுப் போ."

தின்றேன். வெல்லம் தூக்கலாக இருந்தது. இந்த நாட்களில் எழுதவும் கூடாது, படிக்கவும் கூடாது என்று சொல்லியனுப்பினாள். எனவே நான் எழுதவில்லை, தட்டுகிறேன். நீயும் படிக்காதே, சும்மா பார்.

ஏனென்றால் பெரிய செய்தி இருக்கிறது. திரும்பி வந்து பன்னிரண்டாவது சேர்மானத்தைப் போட்டேன். ஓடிவிட்டது! எரர் இல்லை! சோதித்துப் பார்க்கலாம் என்று போன வருஷத் தேர்வு வீடியோவை முதலில் போட்டேன். ஆறாம் இருக்கைக்கு நேராக என்ன வந்தது தெரியுமா? பூஜ்யம். நீ தாமதமே இல்லை, பிரஜிஷா. ஒரு படம்கூடத் தாமதமில்லை.

போன வருஷம் 'ஆறாம் இருக்கை, பிரஜிஷா, ஆறு படம் தாமதம்' என்று அச்செடுத்துக் கிளப் பலகையில் ஒட்டியவள் நான். உன் நிரலே உன்னைச் சொல்லிவிட்டது, நான் என்ன செய்ய என்று இருந்தேன். அந்த எந்திரம் பொய் சொல்லியிருக்கிறது, நான் அதை நம்பி உன்னை வள்ளத்திலிருந்து இறக்கிவிட்டேன். ஒரு வாரத்தில் நீ ஊரைவிட்டே போய்விட்டாய். என்னை மன்னித்துவிடு. நாளைக்கே எல்லாரையும் கூட்டி வைத்து, தப்பு நடந்துவிட்டது என்று சொல்லப் போகிறேன். அப்புறம் பதினெட்டுப் பேரின் வீடியோவையும் இதிலேயே ஓட்டிவிடுகிறேன்.

உன் ஷிம்னா


புனே,
அக்டோபர் 1, விடிந்ததும்

ஷிம்னா,

யாரையும் கூட்டாதே. ஒரு வீடியோவையும் ஓட்டாதே. இதை முழுக்கப் படி. சும்மா பார்க்காதே, படி. சரஸ்வதி கோபித்துக்கொள்ளமாட்டாள்.

எரர் இல்லாமல் ஓடுவது வேறு, சரியாக ஓடுவது வேறு. உன் பன்னிரண்டாவது சேர்மானத்தில் மூன்று பேரும் சண்டையை நிறுத்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ஒருவன் பேசுவது இன்னொருவனுக்குக் கேட்கிறது என்று அர்த்தமில்லை. கண்ணன் நடுநடுவே படங்களை விழுங்குகிறான் என்று நினைக்கிறேன். படத்தை விழுங்கினால் தாமதமும் காணாமல் போகும். அதை வைத்து ஆள் எடுத்தால் பதினெட்டுப் பேருமே பூஜ்யம்தான் வருவார்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்றா கேட்கிறாய்? ஏனென்றால் நான் தாமதமாகத்தான் இருந்தேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. யசோதா சேச்சி முன்னால் உட்கார்ந்து பாட்டைச் சொல்வாள். அதைக் காதால் கேட்டுத் துடுப்பைப் போட வேண்டும். எனக்கு எங்கே பிந்திவிடுமோ என்று பயம். அதனால் எனக்கு முன்னால் இருந்தவளின் துடுப்பைப் பார்த்துப் போட்டேன். பார்த்துப் போடுகிறவள் பிந்தத்தான் செய்வாள். தண்ணீர் என் மணிக்கட்டில் வந்து அடிக்கும்போதெல்லாம் தெரியும், மற்ற பதினான்கும் போய்விட்டது, என்னுடையதுதான் கடைசி என்று. நீ எந்திரத்தைக் கேட்பதற்கு முன்பே என் கைக்குத் தெரியும்.

எனக்குக் கோபம் தாமதம் என்று சொன்னதற்கில்லை. அதை நீ பலகையில் ஒட்டியதற்கு. என் வீட்டுக்கு வந்து, 'ஏண்டி, கொஞ்சம் பிந்துதே' என்று நீயே சொல்லியிருந்தால் நான் ஒரு நாள் அழுதுவிட்டு மறுநாள் வந்து உங்களுக்கெல்லாம் பால் விடாத கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்திருப்பேன். என் சிநேகிதி என்னிடம் சொல்லாமல் காகிதத்தில் சொன்னாளே என்று இருந்தது. பதினோரு மாதம் இருந்தது. இப்போது எழுதிவிட்டேன், கொஞ்சம் இறங்கிவிட்டது.

ஆக, வேலைக்கு வருகிறேன். சரியான சேர்மானம் எது என்று கண்டுபிடிக்க நம்மிடம் ஒரே ஓர் அளவுகோல்தான் இருக்கிறது. அது நான். அந்தப் பழைய வீடியோவில் என்னை ஆறு படம் தாமதம் என்று எது சொல்கிறதோ அதுதான் சரி. என்னைத் தப்புவிக்கிறவனை நம்பாதே.

இன்னொன்று. வெள்ளிக்கிழமை பெயரைப் படிப்பதற்கு முன், கரையில் நிற்கப்போகிற மூன்று பேர் வீட்டுக்கும் நீயே போ. காகிதம் வேண்டாம்.

பிரஜிஷா


ஆலந்துருத்தி,
அக்டோபர் 2, விஜயதசமி

என் தாமதக்காரிக்கு,

காலை ஆறே காலுக்கே தலை ஈரம் சொட்ட உன் வீட்டு வாசலில் நின்றேன். உன் அம்மா முதலில் என்னை, எழுத்துப் பழகும் சின்னப் பிள்ளைபோல, அரிசியில் 'ஹரிஸ்ரீ' எழுத வைத்தாள். பிறகுதான் மடிக்கணினி என் கைக்கு வந்தது. திரையின் நட்டநடுவில் சந்தனப் பொட்டு. துடைக்க விடமாட்டேன் என்றாள். பொட்டைச் சுற்றிச் சுற்றிப் படித்தேன். மின்சாரம் கொடுத்ததும் நாலு நிமிஷம் முனகிவிட்டு எழுந்தது. கட்டளையைப் போட்டேன். வரிசையாக வந்து நின்றார்கள் பார், மூன்று பேரும், நம்பரோடு, ஒரு வருஷமாக யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று காத்திருந்த மாதிரி!

கணக்கனும் எலும்பனும் நான் ஊகித்ததற்குப் பக்கத்தில்தான் இருந்தார்கள். கண்ணன்தான் நான் நினைத்ததைவிட ரொம்பப் பழையவன். அவ்வளவு பின்னால் போய் நான் தேடவேயில்லை.

"என்னடீ, கிடைச்சுதா?" என்று கேட்டாள் உன் அம்மா.

"கிடைச்சுதும்மா."

"நான் சொல்லல? ரெண்டு நாள் பூஜைல இருந்துச்சுல்ல, அதான்."

வாதாடவில்லை நான். யோசித்துப் பார்த்தால் வாதாட இடமும் இல்லை. செவ்வாய்க்கிழமை அது என் கைக்குக் கிடைத்திருந்தால் நான் இருந்த அவசரத்துக்கு முதல் வேலையாக இணையத்தோடு இணைத்திருப்பேன். அதுவும் தன் பங்குக்கு எல்லாவற்றையும் புதுப்பித்துக்கொண்டிருக்கும்.

படகுப்புரைக்கு ஓடினேன். புது அறை, மூன்று எண், மழையில்லை, இருபது நிமிஷம். உன் வீடியோவைப் போட்டுவிட்டு விரலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'ஆறாம் இருக்கை, ஆறு படம் தாமதம்.' நான் போட்ட கூச்சலில் ஆற்றிலிருந்து யசோதா சேச்சி துடுப்போடு ஓடிவந்தாள்.

"யாருக்கு என்னடீ ஆச்சு?"

"பிரஜிஷா லேட்டு சேச்சி! ஆறு படம் லேட்டு!"

"அதுக்கா இப்படிச் சிரிக்கறே? அந்தப் பொண்ணு கோச்சுக்கிட்டுப் போனதே அதுக்குத்தானடீ" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து அவளும் சிரித்தாள். எதற்கென்று அவளுக்குத் தெரியாது.

பதினெட்டுப் பேரின் வீடியோவும் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. நான் ஒன்பதாம் இருக்கையில் தேறிவிட்டேன், உன் புண்ணியம். நாளை மூன்று வீடு ஏறி இறங்க வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஷிம்னா


ஆலந்துருத்தி,
அக்டோபர் 3, இரவுச் சாப்பாட்டுக்கு முன்

பிர,

போய்வந்தேன். முதல் வீட்டில் சாயாவும் பழம்பொரியும். "எனக்கே தெரியும்டீ, தோள் வலிக்குது, நானே சொல்லலாம்னு இருந்தேன்" என்றாள். இரண்டாம் வீட்டில் கதவைச் சாத்திவிட்டார்கள். நான் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். கால் மணி கழித்துத் திறந்து, "உள்ள வா, கொசு கடிக்குது" என்றாள். மூன்றாமவள் என் அத்தை மகள். அவளிடம்தான் திட்டு வாங்கினேன், வயிறு நிறைய.

சாயங்காலம் பெயர் படித்தபோது அந்த மூன்று பேரும்தான் முதலில் கை தட்டினார்கள். ஒருத்திகூட மேற்குக்கரைக்குப் போகவில்லை, பிரஜிஷா. பதினெட்டும் இங்கேயே இருக்கிறது.

நீ இருந்திருந்தால் பத்தொன்பது.

ஷிம்னா


புனே திரும்பும் ரயிலில், ரத்னகிரி தாண்டி,
அக்டோபர் 6

அடியே ஒன்பதாம் இருக்கை,

போட்டிக்கு வருகிறேன் என்று எழுதினால் நீ ஸ்டேஷனுக்கு வந்து அழுது ஊரைக் கூட்டுவாய் என்றுதான் சொல்லாமல் வந்தேன். கடைசியில் கோப்பையைக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்று நாம் இரண்டு பேரும் அழுததை ஊரே பார்த்துவிட்டது. உன் அத்தை மகள் அதைப் போட்டோவும் எடுத்துவிட்டாள். மேற்குக்கரைக்காரிகளை வள்ளத்தின் மூக்களவு தூரத்தில் முந்தினீர்கள். போன வருஷம் தோற்றதும் அதே மூக்களவில்தான்.

அம்மா கட்டிக்கொடுத்த நெய்ப்பத்திரி தீர்ந்துவிட்டது. பொழுது போகவில்லை. அதனால் கரையிலிருந்து நான் எடுத்த இறுதிப் போட்டி வீடியோவை, உன்னிடமிருந்து வாங்கிவந்த நிரலில் போட்டுப் பார்த்தேன். பட்டியலில் இப்போது பெயருக்குப் பக்கத்தில் எண்ணும் இருக்கிறது. இனி எந்தக் கலர்க்கோடு வந்தாலும் ஒன்றும் ஆகாது. உனக்கும் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன்.

பதினைந்து பேர், இருநூற்றுப் பன்னிரண்டு முறை துடுப்பு விழுந்திருக்கிறது. யாருக்கும் ஒரு படத்துக்கு மேல் பிசகில்லை. யசோதா சேச்சியிடம் சொன்னால் கண் பட்டுவிடும், சொல்லாதே. ஒரே ஒரு இடம்தான் இடிக்கிறது. கடைசிக் கம்பத்துக்குக் கொஞ்சம் முன்னால், நூற்றுத் தொண்ணூற்றெட்டாவது துடுப்பு. ஒன்பதாம் இருக்கை, கேப்டன் ஷிம்னா: ஆறு படம் தாமதம்.

எலும்பன் போட்ட கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மற்ற பதினான்கு தலையும் முன்னால் பார்க்கின்றன. உன் தலை மட்டும் கரைப் பக்கம் திரும்பியிருக்கிறது. முழங்கால் தண்ணீரில் நின்று நான் உன் பெயரைக் கத்திய இடம் அது.

நேரில் சொல்லத்தான் நினைத்தேன். கிறிஸ்துமஸ் விடுமுறை வரை பொறுக்க முடியவில்லை. இதைப் பலகையில் ஒட்டமாட்டேன், பயப்படாதே.

உன் எண்ணின் முடக்கத்தை எடுத்துவிட்டேன். இனிமேல் எழுதிக்கொண்டிருக்காதே. போன் பண்ணு.

பிரஜிஷா